ஐந்தாம் தர மதிய உணவு

உலகத்தில் நல்ல நிர்வாகம் என்று ஒன்று எங்காவது நடந்திருக்குமானால், அது மனிதர்களின் தலைக்குள் நடந்திருக்காது. இரைப்பையின் கீழ்க்கோடியில் சுண்டுவிரல்கூடச் சிரமப்பட்டே நுழையக்கூடிய ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அங்கேதான் நடந்திருக்கும். அந்த வாசல் எப்போது திறக்கும், எவ்வளவு திறக்கும், எதை உள்ளே விடும், எதைப் பார்த்து 'அப்புறம் வா' என்னும் என்பதையெல்லாம் ஆராய்ந்து, அதன்மேல் ஓர் அலுவலகத்தையே நிறுத்திக் காட்டிய பெருமை படிவ இயக்ககத்தைச் சேரும்.

படிவ இயக்ககம் மற்ற அலுவலகங்களுக்கெல்லாம் படிவம் வடிவமைத்துக் கொடுக்கும் அலுவலகம். பிறப்பு, இறப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் என்னென்ன கேட்கத் துணிவானோ அவை அனைத்துக்கும் அங்கே படிவம் உண்டு. மூன்று மாடி. முந்நூற்று நாற்பது ஊழியர்கள். தரைத்தளத்தின் பின்பக்கத்தில் உணவகம். அதன் தலைமைச் சமையல்காரியைப் பியூன் முதல் இயக்குநர் வரை எல்லோரும் 'பெரியக்கா' என்றே அழைத்தார்கள். அவளுக்குக் கீழே பதினான்கு பெண்கள் நறுக்கினார்கள், கிளறினார்கள், கழுவினார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே ஒரு நாள்கூட அடுப்பு அணைந்ததில்லை. அந்த அடுப்பு இனி எரியுமா என்பது ஒரு வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டின் கையில் வந்து நின்றதையும், அந்தச் சாப்பாட்டை அவளே சமைக்க நேர்ந்ததையும்தான் இங்கே உரிய மரியாதையோடு சொல்லவேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமைதோறும் ஒரு மணிக்கு, மூன்றாம் மாடியில் தீர்மானக் குழு சாப்பிடும். இரண்டு மணிக்கு அதே மேசையில் கூட்டம். இயக்குநரும் எட்டு உறுப்பினர்களும். எந்தத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேற வேண்டும், ஒரே ஒருவர் மறுத்தாலும் அது கிடப்பில் போகும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர் யாரென்று இயக்குநர் நெடுநாள் தேடினார். இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் கோபம் தணிந்தது.

கூட்டத்தின் குறிப்பெழுத்தன் பெரியக்காவின் கொழுந்தன். யார் என்ன சொன்னார், எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் சொன்னார் என்று எழுதுவது அவன் வேலை. ஏழு வருடத்துக்கு முன்னால், பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவன் கண்ணில் ஒன்று பட்டது. க்ரீம் ஊற்றிய இறைச்சியும் வெண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும் போட்ட நாளில், பதினோரு தீர்மானங்கள் பதினான்கு நிமிடத்தில் நிறைவேறியிருந்தன. உறுப்பினர்கள் கண்ணயர்ந்திருந்தார்கள். காய்கறி சூப் கொடுத்த நாளிலோ, விடுப்புப் படிவத்தின் ஓரக்கோடு நீலமா கறுப்பா என்று இரண்டு மணி நேரம் சண்டை நடந்திருந்தது. ஒவ்வொரு வியாழனும் என்ன சாப்பாடு என்று அவன் கட்டம் போட்டு எழுதிக்கொண்டான். என்ன தீர்மானம் என்பதற்குக் கட்டம் போட இடமில்லை. அறிவியல் இப்படித்தான் வளர்கிறது.

அன்று சாயந்திரமே ஒரு சிறு புத்தகத்தோடு சமையலறைக்கு வந்தான்.

"அண்ணி, இரைப்பைங்கிறது தபால் பிரிவு மாதிரி. வந்ததை அரைச்சு, கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா மேலிடத்துக்கு அனுப்பும். சிறுகுடல்தான் மேலிடம்."

"சரி."

"தண்ணியா வந்தா உடனே போயிடும். இருபது நிமிஷத்துல பாதி காலி. மாவுச்சத்து ரெண்டு மணி நேரம். முட்டை, இறைச்சி அதுக்கும் மேல. கொழுப்பு இருக்கே, அதுல கொஞ்சம் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கேருந்து சேதி வரும், 'இதையே இன்னும் படிச்சு முடிக்கல, அடுத்ததை அனுப்பாதே'ன்னு. வாசல் ஒடுங்கிடும். மிச்சமெல்லாம் நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் அங்கேயே கிடக்கும்."

"நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே தம்பி."

"அதனாலதான் எனக்குச் சட்டுனு புரிஞ்சுது."

மறுநாள் இயக்குநருக்கும் சட்டென்று புரிந்தது. "அப்போ நம்மளை மறுத்துப் பேசறவங்களோட நாம பேசவே வேண்டாம்," என்றார். "பரிமாறினா போதும்." ஒரு வாரத்துக்குள் 'உணவுச் சேர்மான அட்டவணை' தட்டச்சாகி வந்தது. முதல் தரம்: தெளிந்த சூப், வெள்ளரிக்காய், பழம். இரண்டாம் தரம்: ரொட்டி, அவித்த காய். மூன்றாம் தரம்: மீன், முட்டை, பீன்ஸ். நான்காம் தரம்: க்ரீம், வெண்ணெய், பொரித்தது, பால்கட்டி. திங்கட்கிழமைதோறும் பெரியக்காவுக்கு ஒரு சீட்டு வரும். அதில் ஓர் எண் மட்டும் இருக்கும். இயக்குநர் மட்டும் வியாழக்கிழமைகளில், 'வயிறு சரியில்லை' என்று, ஒரு கிண்ணம் தெளிந்த சூப்போடு எழுந்துவிடுவார்.

நான்காம் தரத்தின் சாதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. காத்திருப்புக் கூடத்தின் பெஞ்சுகள் அகற்றப்பட்டன. நிற்பவர்கள் சுருக்கமாகப் பேசுவார்கள் என்பது நோக்கம். நடக்க முடியாதவர்களுக்கான உதவிப் படிவத்தை மூன்றாம் மாடிக்கு நேரில் வந்து வாங்கவேண்டும் என்று ஆனது. இறப்புப் படிவத்தில் 'சம்பந்தப்பட்டவரின் கையொப்பம்' கட்டாயமாயிற்று. இவற்றையெல்லாம் பெரியக்கா கூடத்தில் நிற்பவர்களின் முகத்தில் பார்த்திருக்கிறாள். ஆனால் எந்த வாரச் சாப்பாட்டுக்கு எது நிறைவேறியது என்று அவள் கேட்டதில்லை. கேட்பது சமையல்காரியின் வேலை அல்ல என்பதில் அவள் மிகவும் கண்ணியமாக இருந்தாள். மூன்றாம் வருட முடிவில், 'கூட்டங்களின் சுமுகத்துக்கு ஆற்றிய சீரிய பங்களிப்புக்காக' அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு வெங்காயக் கூடைக்கு மேலே மாட்டினாள்.

அந்தத் திங்கட்கிழமை சீட்டைக் கொழுந்தனே கையில் கொண்டுவந்தான்.

"அஞ்சுன்னு போட்டிருக்கு," என்றாள் பெரியக்கா. "அப்படி ஒரு தரமே அட்டவணையில இல்லையே."

"புதுசா சேர்த்திருக்காங்க. நாலாம் தரம்தான். வெண்ணெய் ரெண்டு மடங்கு, மேல க்ரீம், கடைசில ஒரு கனமான இனிப்பு."

"யாரை அடக்கம் பண்ணப் போறாங்க?"

அவன் சிரிக்கவில்லை. அண்டாவுக்குள் கிடந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல அண்ணி."

அந்தச் சமையலறையில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. பெரியக்கா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரு. என்ன விஷயம்?"

"ரகசியம் அண்ணி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லட்டுமா, தம்பி சாப்பிடாம சுத்தறான்னு? அவர் நேரா ஆபீசுக்கே வந்துடுவார், சாப்பாட்டுத் தூக்கோட."

அவன் சொன்னான். இயக்குநர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு, ஒரு பொட்டலத்தோடு திரும்பியிருந்தார். 'முழு ஊட்டப் பானம்'. தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். வியாழக்கிழமை முதல் தீர்மானமே அதுதான்: மாடிக்கு ஓர் இயந்திரம், பொத்தானை அமுக்கினால் கோப்பையில் பானம். உணவகம் மாத முடிவில் மூடப்படும்.

"தண்ணியா இருக்கறது வயித்துல தங்காதே, அப்புறம் எதுக்கு முக்கால் மணி நேர இடைவேளைன்னு கேட்கிறார். பன்னிரண்டு நிமிஷம் போதுமாம்."

"மெல்ல வேண்டாமா?"

"மெல்றது நேர விரயம்னு குறிப்புல இருக்கு."

"யாரு எழுதினா?"

"நான்தான் அண்ணி. எழுதறதுதானே என் வேலை."

"அவ்வளவு சீக்கிரம் காலியானா மறுபடி பசிக்காதா?"

"பசி அலுவலக நேரம் முடிஞ்ச பிறகு வரும்னு எதிர்பார்க்கிறாங்க."

பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். பதினான்கு பெண்களும் கத்தியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றிருந்தார்கள். அவர்களில் நாலு பேர் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. ஒருத்தி போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தாள்.

"எங்களை எல்லாம் என்ன செய்யறதா எழுதியிருக்க?"

"'உபரி' அண்ணி," என்றான் அவன், தரையைப் பார்த்து. "ஒரே வார்த்தைதான்."

"இதை நிறைவேத்தறதுக்கு நானே வெண்ணெய் ஊத்தணும்."

"ரெண்டு மடங்கு," என்றான் அவன். எதையும் விட்டுவிடாமல் குறிப்பது அவன் சுபாவம்.

அவன் போன பிறகு பெரியக்கா வெகுநேரம் விரல்விட்டு எண்ணினாள். குழுவின் எட்டுப் பேரில் ஒருவர் மறுத்தால் போதும். துணை இயக்குநர் அம்மா வாரத்தில் மூன்று நாள் கீழே வந்து சாப்பிடுகிறார். 'உங்க கை ருசி இல்லேன்னா இந்த ஆபீசுக்கு எதுக்கு வரணும்' என்று போன வாரம்கூடச் சொன்னார். பண்டகசாலை உறுப்பினரின் மகள் கல்யாணத்துக்கு அவள்தான் சமைத்தாள். மருத்துவ உறுப்பினருக்கோ பொடி, மாத்திரை என்றாலே ஆகாது. மூன்று பேரும் முழித்திருந்தால் ஒருவராவது வாயைத் திறப்பார். முழித்திருக்க வைப்பது அவள் கையில் இருந்தது.

"பார்வைக்கு அஞ்சாம் தரம்," என்றாள் பெண்களிடம். "வயித்துக்கு முதல் தரம்."

புதன்கிழமை முழுக்க அந்தச் சமையலறையில் நடந்ததை உயர்ந்த கலை என்றே சொல்லவேண்டும். காலிஃபிளவரை எலும்புச் சாற்றில் குழைய வேகவைத்து, மூன்று தடவை அரைத்து, துணியில் வடிகட்டினார்கள். க்ரீம் தோற்றது. சாற்றின்மேல் மிதந்த கொழுப்பைக் குளிரவைத்து, ஆடையாக எடுத்து எறிந்தார்கள். அந்தச் சின்ன வாசல் அரிசி நொய்க்கு மேல் பெரிதாக எதையும் சுலபத்தில் விடாது என்று கொழுந்தனின் புத்தகம் சொல்லியிருந்தது. ஆகவே கொழுப்பில்லாத இறைச்சியை நொய்யாகக் கொத்தி, ஆவியில் வைத்து, கனத்த துண்டுகளின் வடிவத்தில் அழுத்தினார்கள். உருளைக்கிழங்கு வெறும் வாணலியில் சிவந்தது. இனிப்புக்கு முட்டையின் வெள்ளைக்கருவைப் பழச்சாற்றோடு அடித்து மலைபோல் நிறுத்தினார்கள். வெண்ணெய் ஒரே ஒரு துளி, அதுவும் பாத்திரத்தின் வெளிவிளிம்பில், வாசனைக்கு.

"அக்கா, இதைத் தின்னுட்டு நெசமாவே முழிச்சிருப்பாங்களா?" என்றாள் புதிதாகச் சேர்ந்தவள்.

"மூணு மணிக்குள்ள பசியே எடுத்துடும் பாரு. பசிச்சவன் எங்க தூங்கறது?"

"பசிச்சா கோபம் வருமே."

"வரட்டும். அதுதான் வேணும்."

சமையலறையிலிருந்து மூன்றாம் மாடிக்குப் பாத்திரங்கள் கயிறு கட்டிய ஒரு சிறு கை லிஃப்டில் போகும். வியாழக்கிழமை ஒரு மணிக்கு அது மேலே போனது. ஒன்றே முக்காலுக்குத் தட்டுகள் வழித்துத் துடைத்தாற்போல் இறங்கி வந்தன. பண்டகசாலை உறுப்பினர் ஒரு துண்டுத்தாளும் வைத்திருந்தார்: 'அபாரம். பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்த வேண்டியதாயிற்று.' பெரியக்கா அதை இரண்டு தடவை படித்தாள். காலிஃபிளவருக்கா, என்று நினைத்தாள். அந்தப் பாராட்டு அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு லிஃப்டின் கூண்டை மறுபடி மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, அது ஓடும் குழலுக்குள் தலையை நீட்டினாள். மேலே பேசுவது கிணற்றுக்குள் பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. பின்னால் பதினான்கு பேரும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொருள் ஒன்று," என்றது இயக்குநரின் குரல். "மதிய ஊட்ட நவீனமயம்." மூன்று பக்கத்தையும் வாசித்தார். இயந்திரம் வந்தது. பன்னிரண்டு நிமிடம் வந்தது. 'உபரி' வந்தது.

மேலே மெல்ல ஒரு குறட்டை எழுந்தது. நல்ல குறட்டைதான், ஆனால் தேவைக்கு மேல் ஒழுங்காக இருந்தது.

"மறுப்பவர்கள் யாராவது?"

குறட்டை நின்றது. கேள்வி கடந்து போகும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, மறுபடி தொடங்கியது.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

சட்டைக் கைகள் உரசும் சத்தம், ஒரு புடவைத் தலைப்பு சரியும் சத்தம்.

"எட்டும் தூக்கியாச்சு," என்றான் கொழுந்தன். "ஒருமனதாக. இரண்டு மணி நான்கு நிமிடம்."

"என்னக்கா ஆச்சு?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"நிறைவேறிடுச்சு."

"தூங்கிட்டாங்களா?"

"தூங்கிட்டாங்க."

"தூங்கறவங்க எப்படிக்கா கை தூக்கினாங்க?"

பெரியக்கா தலையைக் குழலுக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"பொருள் இரண்டு," என்றார் இயக்குநர். "இந்த அறை ஜன்னல்களுக்குப் போடவேண்டிய திரையின் நீளம்."

நாற்காலிகள் நகர்ந்தன. தரையைத் தொடவேண்டும் என்றார் ஒருவர். தொட்டால் தூசி சேரும், முழங்கால் உயரம் போதும் என்றார் பண்டகசாலை. முழங்கால் என்றால் யார் முழங்கால் என்றார் இன்னொருவர். காற்றோட்டம் உயிர்நாடி, இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று மருத்துவ உறுப்பினர் மேசையைத் தட்டினார். 'என் மனசாட்சி இடம் கொடுக்கல' என்ற சொற்றொடர் மட்டும் மூன்று வெவ்வேறு குரல்களில் கேட்டது. ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் கழிந்த பிறகு, கருத்தொற்றுமை ஏற்படாததால் ஆழ்ந்த பரிசீலனைக்காகத் திரை தள்ளிவைக்கப்பட்டது.

பெரியக்கா தலையை வெளியே எடுத்தாள். கழுத்தில் கயிற்றின் தூசி கறுப்பாக ஒட்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவள் ஏற்கனவே கழுவிய தட்டுகளை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

மூன்றரை மணிக்குத் துணை இயக்குநர் அம்மா கீழே இறங்கி வந்தார்.

"ஏதாவது இருக்காம்மா? வயிறு கடகடங்குது."

அறிவியல் பொய்க்கவில்லை. பெரியக்கா ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் எடுத்து வைத்தாள். அவர் நின்றுகொண்டே உரித்தார்.

"மேடம், மதியம் உங்களுக்குத் தூக்கம் வரலையா?"

"காலிஃபிளவருக்கா தூக்கம் வரும்? முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுது. நல்லாத்தான் இருந்துச்சு, ஒருத்தரும் சொல்லிக்கல."

"அப்போ முழிச்சுக்கிட்டே கை தூக்கினீங்க."

"நாங்க என்னிக்கும்மா தூங்கியிருக்கோம்?" என்றார் அவர், முட்டையில் உப்பைத் தூவியபடி. குரலில் கோபம் இல்லை. ஏதோ வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டா கை கொஞ்சம் லேசாகும். அவ்வளவுதான். வெண்ணெய் இருந்தா பழியை அதுமேல போட்டுக்கலாம். இன்னிக்கு அதுவும் இல்ல, பாருங்க, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"ஏழு வருஷமா மேடம்?"

"உங்களுக்குத் தெரியாததா. திங்கட்கிழமை சீட்டு வந்தா நீங்களும் எத்தனாம் தரம்னு மட்டும்தானே பார்ப்பீங்க."

அவர் இரண்டாவது முட்டையை எடுத்துக்கொண்டார். நன்றி சொன்னார், தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் வைத்தார். நல்ல மனுஷி என்று எல்லோரும் சொல்வது சும்மா இல்லை.

அன்றைய தீர்மானங்கள் குறிப்பேட்டில் பிழையில்லாமல் ஏறின. ஏழு வருடமாக எட்டுப் பேரின் கையைத் தூக்கிவிட்டதாகக் குற்றம் சுமந்த வெண்ணெய், உண்மையில் நிரபராதி என்பதைப் பதிவு செய்ய மட்டும் யாரும் முன்மொழியவில்லை. அதை முன்மொழியக்கூடிய ஒரே சாட்சி கையில் கரண்டியோடு சமையலறை நடுவில் நின்றிருந்தாள். பதினான்கு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றோடு, கண்களை மூடிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.